உள்ளத்தின் நோயை மறைக்காத இமாம்



இன்று ஒரு மாமேதையின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர்களுடைய திருப்பெயரை அறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் இராது. தங்கள் ஆண்மக்களுக்கு அப்பெயரையே சூட்டி மகிழ்ந்த குடும்பங்களும் நம்மிடையே பல உண்டு. இஸ்லாத்தின் ஆதாரம் என்னும் பொருள்படும் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்ற சிறப்புப் பட்டத்தால் உலகம் போற்றும் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே அம்மேதை.

அவர்களுடைய கல்வியைப் பற்றியும், நூல்களைப் பற்றியும் நீங்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். ஆனால், புகழின் உச்சியில் இருந்தபோது அவர்களைப் படுக்கையில் தள்ளிய ஒரு நோயைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்நோய் உடலில் தோன்றியதன்று. உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கியது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. பிற்காலத்தில் தம் கையாலேயே எழுதி வைத்தார்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரறிஞர் எழுதத் தயங்காத செய்தியை, நம் வீடுகளில் நாம் இன்றும் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பேசுகிறோம். ஏன் இந்த அச்சம்? இமாம் அவர்களுடைய வாழ்க்கையை ஒருமுறை பார்த்துவிட்டு இக்கேள்விக்கு வருவோம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 450-ஆம் ஆண்டில் (கி.பி. 1058) குராஸான் நாட்டின் தூஸ் நகரில் பிறந்தார்கள். இன்று அந்நிலம் ஈரான் நாட்டில் மஷ்ஹத் நகருக்கு அருகே இருக்கிறது. தந்தையார் கம்பளி நூல் நூற்று விற்றுப் பிழைத்த ஏழை என்றும், அறிஞர்களின் சபையில் அமர்ந்து கேட்பதில் பேரார்வம் கொண்டவர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். தமக்கு மரணம் நெருங்குவதை உணர்ந்த அவர், முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு மைந்தர்களையும், கையிலிருந்த சிறு தொகையையும் ஸூபியான நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்மூடினார். தொகை தீர்ந்தது. அந்த நண்பரும் ஏழையே. உணவும் உறைவிடமும் கிடைக்கும் ஒரு மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுமாறு அவர் சிறுவர்களுக்கு வழிகாட்டினார். இப்படியாக, ஒரு வேளைச் சோற்றுக்காக மத்ரஸாவின் வாயிற்படியை மிதித்த அநாதைச் சிறுவரே பின்னாளில் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் ஆனார்கள்.

தூஸிலும் ஜுர்ஜானிலும் தொடக்கக் கல்வியை முடித்துக்கொண்டு, நைஸாபூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் மாணவராக அமர்ந்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் சட்டக்கலையிலும், தர்க்கத்திலும், அகீதாக் கலையிலும் ஆசிரியரே வியக்கும் அளவுக்குத் தேர்ந்தார்கள். ஹிஜ்ரி 478-இல் (கி.பி. 1085) ஆசிரியர் மறைந்தபின், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க் அவர்களின் சபையை அடைந்தார்கள். அங்கு நடைபெற்ற விவாதங்களில் அவர்களை எதிர்த்து நிற்க எவராலும் இயலவில்லை. ஹிஜ்ரி 484-இல் (கி.பி. 1091) பக்தாத் மாநகரின் நிஜாமிய்யா மத்ரஸாவில் தலைமைப் பேராசிரியராக அவர்களை அந்த அமைச்சர் அமர்த்தினார். அப்போது இமாம் அவர்களுக்கு வயது ஹிஜ்ரிக் கணக்கில் 34. அவர்களுடைய பாடத்தைக் கேட்க 300 மாணவர்கள் அமர்ந்தார்கள். கலீபாவின் அரண்மனையிலும் அவர்களுடைய சொல்லுக்கு மதிப்பிருந்தது.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த வாழ்வில் ஒரு குறையும் தெரிந்திராது. பதவி இருந்தது, செல்வம் இருந்தது, மனைவி மக்கள் இருந்தார்கள், மாணவர்கள் கைகட்டி நின்றார்கள். ஆனால் சுற்றிலும் காலம் கலங்கியது. அவர்கள் பக்தாதுக்கு வந்த மறு ஆண்டிலேயே (கி.பி. 1092) நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்த சில வாரங்களிலேயே சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். ஆட்சிக்காக அரச குடும்பத்தார் தமக்குள் போரிட்டனர். அந்நாள்களில் இமாம் அவர்கள் தத்துவ நூல்களை ஆராய்ந்தார்கள். அதன்பின் தஸவ்வுப் ஞானிகளின் நூல்களைப் படித்தார்கள். படிக்கப் படிக்க ஒரு கேள்வி அவர்களை அரித்தது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, அல்லது பெயருக்கும் புகழுக்காகவுமா என்பதே அக்கேள்வி. உள்ளத்தை உற்று நோக்கியபோது கிடைத்த விடை அவர்களுக்கு அச்சமூட்டியது.

எல்லாவற்றையும் துறந்து புறப்பட்டுவிட வேண்டும் என்று ஒரு நாள் உறுதி கொள்வார்கள். மறுநாள் அவ்வுறுதி தளர்ந்துவிடும். காலையில் மறுமையின் நினைவு மேலோங்கும். மாலையில் பதவியின் பற்று அதை வீழ்த்திவிடும். இந்த இழுபறி ஏறக்குறைய 6 மாதங்கள் நீடித்தது என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். அது தொடங்கியது ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (கி.பி. 1095).

அதன்பின் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். ஒரு கட்டத்தில் அவர்களுடைய நாவு கட்டுண்டது. மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளாவது பாடம் நடத்திவிட வேண்டும் என்று முயல்வார்கள். ஒரு சொல்லும் வெளிவராது. எந்த நாவின் வன்மையால் நாடெங்கும் புகழ் பெற்றார்களோ, அந்த நாவே கைவிட்டது. பேச முடியாத துயரம் நெஞ்சில் இறங்கியது. உணவின் மீதிருந்த விருப்பம் அற்றது. ஒரு மிடறு நீரும் இறங்கவில்லை. ஒரு கவளம் சோறும் செரிக்கவில்லை. உடல் நாளுக்கு நாள் மெலிந்தது.

மருத்துவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அன்றைய பக்தாத் மருத்துவத்தில் பின்தங்கிய ஊரன்று. கி.பி. 982-இல் கட்டப்பட்ட புகழ்வாய்ந்த அளுதி மருத்துவமனை அந்நகரில்தான் இருந்தது. அதற்கும் முன்பே, கி.பி. 934-இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) என்னும் அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதியிருந்தார்கள். காரணம் தெரிந்து வரும் துயரம் உண்டு, காரணம் விளங்காமலே வந்து அமுக்கும் துயரமும் உண்டு என்று அவர்கள் அந்நூலில் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே, உள்ளமும் நோயுறும் என்னும் உண்மை அக்கால முஸ்லிம் மருத்துவர்களுக்குப் புதிதன்று.

இமாம் அவர்களைப் பார்த்த மருத்துவர்கள் தங்கள் மருந்துகள் பலிக்காததைக் கண்டார்கள். நோய் உள்ளத்தில் இறங்கியிருக்கிறது, அங்கிருந்தே உடலுக்குப் பரவியிருக்கிறது, உள்ளத்தை அழுத்தும் கவலை நீங்கினாலன்றி உடல் தேறாது என்று தெளிவாகக் கூறிவிட்டார்கள். மருத்துவர்கள் சொன்னதை இமாம் அவர்கள் அவமானமாகக் கருதவில்லை. தம்மைப் போன்ற மார்க்க மேதைக்கு உள்ளத்தில் நோயா என்று சினங்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள், நூலிலும் பதிந்தார்கள். வேறு போக்கிடம் இல்லாதவன் அழுவதைப் போல அல்லாஹ்விடம் அழுது முறையிட்டார்கள். நிர்க்கதியானவனின் அழைப்பை ஏற்கும் அந்த ரஹ்மான், பதவியையும் பொருளையும் விட்டு விலகும் வலிமையை அவர்களுக்கு அருளினான்.

அந்த ஆண்டு முடியுமுன் இமாம் அவர்கள் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். மனைவி மக்களின் வாழ்வுக்குப் போதுமானதை வைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். நிஜாமிய்யாவில் பாடம் தடைபடாதவாறு தம்பி அஹ்மது (ரஹ்) அவர்கள் அவ்விடத்தில் அமர்ந்தார்கள். அந்த நோயின் நடுவிலும் குடும்பத்தையும் கடமையையும் அவர்கள் தெருவில் விடவில்லை என்பதை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். மனம் சோர்ந்தால் வீட்டைத் துறந்து போய்விடலாம் என்று எவரும் இவ்வரலாற்றிலிருந்து பாடம் படித்துவிடக் கூடாது.

ஊர் என்ன பேசியது தெரியுமா? மார்க்கத்தில் இதைவிட உயர்ந்த பதவி ஏது, இதை ஒருவர் மார்க்கத்துக்காகவா விடுவார் என்று அங்கிருந்த ஆலிம்களே ஐயுற்றார்கள். தொலைவில் இருந்தவர்கள், ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடுகிறார் என்றார்கள். அருகில் இருந்தவர்களோ, ஆட்சியாளர்கள் அவரை விடாமல் வற்புறுத்துவதைக் கண்டு, இது ஏதோ கண்ணேறு என்று முடிவு கட்டினார்கள். ஒருவருடைய உள்ளம் உடையும்போது அவர் அருகில் அமர்ந்து கேட்பவர் சிலர். தெருவில் நின்று காரணம் கற்பிப்பவர் பலர். பக்தாதிலும் அப்படியே, நம் தெருக்களிலும் அப்படியே.

இமாம் அவர்கள் ஷாம் நாட்டின் திமிஷ்க் நகரை அடைந்தார்கள். ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஷாம் தேசத்தில் கழிந்தன. உமையாப் பெரிய பள்ளிவாசலின் மினாரா மீது ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, பகலெல்லாம் தனித்திருப்பார்கள். திக்ரு, தியானம், நப்ஸைப் பண்படுத்தல் ஆகியவையே அவர்களுடைய அலுவலாயின. பின்னர் பைத்துல் முகத்தஸுக்குச் சென்றார்கள். கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தைத் தரிசித்து, இனி அரசர்களின் பொருளைப் பெறுவதில்லை, அவர்கள் அவைக்குச் செல்வதில்லை, வாதத்தில் வெல்வதற்காக விவாதம் செய்வதில்லை என உறுதி பூண்டார்கள். ஹிஜ்ரி 489-இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள்.

அதன்பின் அவர்களை வீட்டுக்குத் திருப்பியது எது? பிள்ளைகளின் ஏக்கம்தான். குழந்தைகளின் அழைப்பு தம்மைத் தாயகத்துக்கு இழுத்ததை அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். தூஸுக்கு வந்தபின்பும் தனிமையையே பெரிதும் நாடினார்கள். எனினும் குடும்பத்தின் தேவைகளும் காலத்தின் நிகழ்ச்சிகளும் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தன. உள்ளத்தின் தெளிவு சில வேளைகளில் மட்டுமே கிட்டியது. ஆயினும் நம்பிக்கை இழக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் கதை சொல்லவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக 10 ஆண்டுகளுக்கு மேல் சென்றன. உள்ளம் நோயுற்ற ஒருவர் இரண்டு மாதத்தில் எழுந்து நடமாடவில்லையே என்று பொறுமை இழப்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்கட்டும்.

ஹிஜ்ரி 499-இல் (கி.பி. 1106) நிஜாமுல் முல்கின் மைந்தரான அமைச்சர் பக்ருல் முல்கின் வற்புறுத்தலால் நைஸாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் பாடம் நடத்தினார்கள். அப்போது அவர்களைச் சந்தித்த அப்துல் காபிர் அல்பாரிஸீ (ரஹ்) என்னும் அறிஞர் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார்கள். முன்னாளில் இமாம் அவர்களிடம் கல்விச் செருக்கும், பிறரைத் தாழ்வாக நோக்கும் குணமும் இருந்தன. இப்போது கண்டதோ பணிவு. இது நடிப்பாக இருக்குமோ என்று அவர்கள் முதலில் ஐயுற்றார்களாம். பலமுறை சந்தித்துப் பேசி ஆராய்ந்தபின், இம்மாற்றம் உண்மையானது என்று உணர்ந்தார்களாம். உடைந்து எழுந்த உள்ளம் பிறருடைய உடைவை அறிந்துகொள்கிறது.

இக்காலத்தில்தான், 50 வயதைக் கடந்திருந்த இமாம் அவர்கள், அல்முன்கித் மினள்ளலால் என்னும் நூலில் தம் நோயின் வரலாற்றை எழுதினார்கள். எழுதாமல் விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவர்களை எதிர்ப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். இச்செய்தியை அவர்கள் ஆயுதமாக்கிக்கொள்ளலாம் என்பது இமாம் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும், பின்னால் வரும் ஒருவன் இதே இருளில் நிற்கும்போது வழி தெரிய வேண்டும் என்று எண்ணிப் பேனாவை எடுத்தார்களோ என்று தோன்றுகிறது.

பின்னர் அவர்கள் தூஸுக்கே திரும்பினார்கள். தம் வீட்டுக்கு அருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவையும், ஸூபிகளுக்கு ஒரு கான்காஹையும் அமைத்தார்கள். நம் கடற்கரை ஊர்களில் தைக்கா என்று சொல்வோமே, அத்தகைய இடம் அது. குர்ஆன் ஓதுவதற்கு, உள்ளத்தவர்களோடு அமர்வதற்கு, மாணவர்களுக்குப் பாடம் சொல்வதற்கு என்று தம் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பேரரசின் தலைநகரில் 300 பேருக்கு நடுவே பேச்சிழந்தவர்கள், சொந்த ஊரின் ஒரு சிறு வட்டத்துக்குள் அமைதி கண்டார்கள். ஓதும் இடம் ஒன்று, உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் இடம் ஒன்று, இரண்டும் வீட்டுக்கு அடுத்தாற்போல். ஒரு மஹல்லாவின் மன நலத்துக்கு வேறு என்ன வேண்டும்?

தம் அனுபவத்தில் கண்டதை இமாம் அவர்கள் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலிலும் இழைத்திருக்கிறார்கள். நான்கு பாகங்கள், பாகத்துக்கு 10 என 40 கிதாபுகள் கொண்ட அந்நூலிலிருந்து நம் விஷயத்துக்கு வேண்டிய நான்கு கருத்துகளை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறோம்.

முதலாவது, மருத்துவக் கல்வி பர்ளு கிபாயா. ஊரில் ஒருவரேனும் அதைக் கற்றிராவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். சட்டக்கலை கற்க முண்டியடிக்கும் முஸ்லிம்கள் மருத்துவத்தைப் புறக்கணிக்கிறார்களே என்று இமாம் அவர்கள் வருந்தினார்கள். உள்ளத்தின் நோய்க்குரிய மருத்துவமும் மருத்துவமே. நம் பிள்ளைகளுள் ஒருவர் மனநல மருத்துவம் படிக்க விரும்பினால், முகம் சுளிக்காமல் துஆச் செய்து அனுப்புங்கள்.

இரண்டாவது, மருந்து உண்பது தவக்குலுக்கு முரணன்று. பசிக்கு உணவும், தாகத்துக்கு நீரும் போல நோய்க்கு மருந்தும் அல்லாஹ் அமைத்த காரணமே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் மருந்து உண்டார்கள். உண்ணுமாறு பிறரையும் ஏவினார்கள்.

மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே மருந்து ஆகாது. நோயாளிகள் அனைவருக்கும் ஒன்றையே கொடுக்கும் மருத்துவர் பெரும்பாலோரைக் கொன்றுவிடுவார் என்றும், உள்ளத்தைச் சீர்செய்யும் ஆசானும் ஒவ்வொருவரின் வயதையும் நிலையையும் உடல்வாகையும் அறிந்தே வழி சொல்ல வேண்டும் என்றும் இமாம் அவர்கள் எச்சரித்தார்கள். மனம் நொந்து வரும் எவரிடமும், தொழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒரே விடையைக் கூறி அனுப்பிவிடும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும். தொழுகை கடமை; அது உள்ளத்துக்கு ஊன்றுகோல்; ஐயமில்லை. ஆனால் பக்தாதில் படுத்திருந்த இமாம் அவர்கள் தொழாதவர்களா? ஈமான் குறைந்தவர்களா? மகனைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயினவே, அது ஈமானின் குறையா? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நம் வரலாறு குறிக்கிறதே! கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ்விடம் காவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழக்கமாக ஓதி வந்தார்கள். துயரம் முஃமினையும் தீண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நான்காவது, சகோதரனின் உரிமை, அண்டை வீட்டாரின் உரிமை. நோயுற்றால் சென்று பார்ப்பது, துயரத்தில் ஆறுதல் கூறுவது, குறைகளைத் துருவாமலிருப்பது, அறிந்த இரகசியத்தைக் காப்பது ஆகியவற்றை இமாம் அவர்கள் கடமைகளாகவே வரிசைப்படுத்தினார்கள். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் பழத்துடன் செல்கிறோம். மனம் சோர்ந்து அறைக்குள் கிடப்பவரை யார் சென்று பார்க்கிறோம்?

வாசகர்களே! இவ்வளவு தெளிவான வழி கையில் இருந்தும் நாம் என்ன செய்தோம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி, மகான் ஒருவரின் தர்காவால் பெயர் பெற்ற ஊர். உள்ளம் நோயுற்றவர்களைப் பல மதத்தாரும் அங்கே அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். அவ்வூரில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அத்தகையோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்திருக்கிறது.

தர்காவில் ஓதப்பட்ட துஆவா அவர்களைக் கொன்றது? இல்லை. துஆவை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைக் கைவிட்ட நம் அறியாமையும், நோயுற்ற உறவினரைக் கண் காணாத இடத்தில் விட்டுவிட்டு வந்தால் வீட்டு மானம் தப்பும் என்ற நம் வெட்கமுமே சங்கிலியாயின. பின்னர் அதே ஏர்வாடியில், துஆவுடன் மருந்தும் சேர வேண்டும் என்ற நோக்கத்தில் அரசு மனநல மருத்துவர்கள் தர்காவுக்கு வருவோரைப் பார்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இமாம் அவர்கள் இருந்திருந்தால் இதை மனமார வரவேற்றிருப்பார்கள்.

இனி உங்கள் மஹல்லாவை எண்ணிப் பாருங்கள். கணவர் சபர் சென்று ஆண்டுகள் பலவான வீட்டில், இரவெல்லாம் உறங்காமல் விழித்திருக்கும் ஒரு பெண் இருக்கலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில், காரணமின்றி அழுதுகொண்டே இருக்கும் இளம் தாய் இருக்கலாம். அவளை ஜின் பிடித்தவள் என்று தாயத்துக் கட்டுகிறார்கள். மருத்துவர் அதற்குப் பெயரும் மருந்தும் வைத்திருக்கிறார். தேர்வில் தோற்று எவரிடமும் பேசாத மாணவன் இருக்கலாம். கடனுக்கு அஞ்சி ஜும்ஆவுக்கும் வராமல் ஒதுங்கிவிட்ட வியாபாரி இருக்கலாம். உண்ணாமை, உறங்காமை, பேசாமை, எதிலும் விருப்பமின்மை: இமாம் அவர்களிடம் கண்டவை போன்ற அடையாளங்கள் ஒருவரிடம் வாரக்கணக்கில் நீடித்தால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகே அமருங்கள். பேசச் சொல்லுங்கள், குறுக்கிடாமல் கேளுங்கள். உயிரே வேண்டாம் என்ற பேச்சு ஒருவர் வாயில் வந்தால் அதை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழியே கட்டணமின்றி ஆலோசனை வழங்கும் டெலி மானஸ் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

எங்களைப் போன்ற ஆலிம்களுக்கும் இதில் பெரும் பொறுப்புண்டு. மனம் நொந்தவர்கள் மருத்துவரிடம் செல்லுமுன் ஓதிப் பார்ப்பதற்காக எங்களிடமே வருகிறார்கள். ஓதுவோம், துஆச் செய்வோம், அது எங்கள் கடமை. ஆனால் ஓதி முடித்தபின், நாளைக் காலை மருத்துவரையும் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வதும் எங்கள் கடமையே. நாங்கள் சொன்னால் அக்குடும்பம் கேட்கும். ஆண்டுக்கொரு முறையேனும் ஜும்ஆ உரையில் இதைப் பேசினால், வெட்கத்தால் மூடிக் கிடக்கும் பல கதவுகள் திறக்கும். பள்ளிவாசல் நிர்வாகிகள் மருத்துவ முகாம் நடத்தும்போது, கண்ணுக்கும் சர்க்கரைக்கும் மருத்துவர்களை அழைப்பதோடு மனநல மருத்துவர் ஒருவரையும் அழைக்கலாம். பெண்கள் தயக்கமின்றிப் பேசப் பெண் மருத்துவர் கிடைத்தால் இன்னும் நலம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் பிறை 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) தூஸ் நகரில் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார்கள். அன்று அதிகாலை ஒலுச் செய்து ஸுப்ஹுத் தொழுதார்கள். தம் கபன் துணியைக் கேட்டு வாங்கி, முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள். கிப்லாவை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார்கள். பொழுது புலருமுன் உயிர் பிரிந்தது என்று தம்பி அஹ்மது (ரஹ்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒருகாலத்தில் ஒரு மிடறு நீரும் இறங்காமல் கலங்கிய அந்த நெஞ்சம், இறுதி விடியலில் இவ்வளவு அமைதியாக விடைபெற்றது. இடைப்பட்ட 16 ஆண்டுகளில் அல்லாஹ்வின் அருளும், தம் நிலையை ஒப்புக்கொண்ட நேர்மையும், பொறுமையும் அவர்களுக்குத் துணை நின்றன.

உங்கள் வீட்டில் உள்ளம் நோயுற்ற ஒருவர் இருந்தால், இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் அவரருகில் சென்று அமருங்கள். ஹுஜ்ஜத்துல் இஸ்லாமுக்கும் இது வந்தது, அவர்கள் அதிலிருந்து எழுந்தார்கள் என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வல்ல நாயன் நோயுற்ற உள்ளங்களுக்கெல்லாம் ஷிபாவை அருள்வானாக! அவர்களைத் தாங்கும் கரங்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.